புள்ளி நின்ற பிறகே செல் மாற்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பிதழில், வெண்குஷ்டத்துக்கு ஒரே நாளில் தீர்வு என்று கால் பக்க அளவில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. தொடையிலிருந்து சிறிதளவு தோலை எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து, வெளுத்த இடத்தில் வைக்கும் சிகிச்சையை எந்த வயதினருக்கும், உடம்பில் எந்த இடத்துப் புள்ளிக்கும், வந்த அன்றே செய்து அனுப்பிவிடுவதாக அதில் சொல்லியிருந்தார்கள். காப்பி ஆறுவதும் தெரியாமல் அதைப் படித்த என் மனைவி, அந்தப் பக்கத்தை மட்டும் தனியே மடித்து என் முன்னால் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்விட்டார். ஏறக்குறைய இதே வாசகங்கள் கொண்ட ஒரு துண்டறிக்கையை நம்பி 2015-ஆம் ஆண்டு எங்கள் மகளை நாங்கள் அழைத்துக்கொண்டு போனோம் என்பதுதான் அந்த மௌனத்துக்குக் காரணம்.

செல் மாற்று சிகிச்சை ஏமாற்று வேலை என்று சொல்ல நான் இக்கடிதத்தை எழுதவில்லை. அதே மகளுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, வேறொரு மருத்துவமனையில், அதே சிகிச்சையால்தான் கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருந்த இடத்தில் நிறம் திரும்பியது. முதல் முறை தவறியதற்கும் இரண்டாம் முறை பலித்ததற்கும் இடையே இருந்த வேறுபாடு கருவியிலோ கட்டணத்திலோ இல்லை. முதல் முறை செய்தபோது நோய் நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை செய்தபோது அது நின்றிருந்தது. அந்த விளம்பரத்தில் இல்லாத ஒரே சொல்லும் அதுதான்.

இந்நோயைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியை உருவாக்குகிற மெலனோசைட் செல்களை, உடம்பின் எதிர்ப்பு அணுக்களே பகையாகக் கருதி அழித்துவிடுவதால் வருவது வெண்புள்ளி. இதில் கிருமி இல்லை, தொட்டால் ஒட்டாது. தொழுநோய்ப் படையில் உணர்ச்சி மங்கும். வெண்புள்ளியிலோ கொசு கடித்தாலும் சுரீரென்று தெரியும். மீன் தின்ற வாயோடு மோர் குடித்ததால் வந்தது என்று எங்கள் கடலூர் முதுநகர்ப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பி என் தாயார் நான்கு ஆண்டுகள் பேத்தியின் தட்டில் ஒரு துண்டு சங்கராவைக்கூட வைக்கவில்லை. புள்ளியும் அதைப் பொருட்படுத்தாமல் தன் பாட்டுக்குப் பரவியது. மீனும் தயிரும் ஒரே பந்தியில் புழங்கும் வீடுகள் தேவனாம்பட்டினத்திலிருந்து வடக்கே புதுச்சேரி வரை கரை நெடுகிலும் இருக்கையில், இந்த வாதம் எப்படித்தான் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறதோ தெரியவில்லை.

சில புள்ளிகள் களிம்புக்கும் ஒளிச் சிகிச்சைக்கும் இணங்குவதும், சில எதற்கும் அசையாமல் இருப்பதும் ஏன் என்பதைத்தான் நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டோம். மேல்தோலில் நிறமிச் செல்கள் அழிந்த பிறகும், முடிக்காலின் அடியில் கொஞ்சம் சேமிப்பு எஞ்சியிருக்கும். சிகிச்சை பலிக்கும்போது அந்தச் சேமிப்பிலிருந்து புறப்படும் செல்கள், வெளுத்த பரப்பில் மிளகு தூவியதுபோல் முடிக்காலைச் சுற்றிச் சுற்றிச் சிறு கரும்புள்ளிகளாக எழுந்து, பிறகு ஒன்றோடொன்று கூடுகின்றன. புள்ளியின் மேலுள்ள முடியே நரைத்துவிட்டால் அந்தச் சேமிப்பும் தீர்ந்துவிட்டது என்று பொருள். முடியே முளைக்காத விரல் நுனியிலும் உதட்டிலும் அந்தச் சேமிப்புக்கு இடமே இல்லை. பிடிவாதப் புள்ளி என்று மருத்துவர்கள் சொல்வது பெரும்பாலும் இத்தகைய இடங்களைத்தான். வெளியிலிருந்து விதை கொண்டுவந்து விதைத்தாலன்றி அங்கே எதுவும் முளைக்காது. அந்த விதைப்புத்தான் செல் மாற்று.

ஆனால் பூச்சி அடங்காத வயலில் விதைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் எங்களுக்கு ஆயிற்று. மகளுக்கு அப்போது 21 வயது. ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது; ஆவணிக்குள் காலை மூடிக்கொள்ளாமல் நடக்கும்படி ஆகிவிட வேண்டும் என்று எங்களுக்கு அவசரம். நாங்கள் போன தனியார் மருத்துவமனையில் புள்ளியை அளந்தார்கள், படம் எடுத்தார்கள், பணம் கட்டச் சொன்னார்கள். கடைசியாகப் புதுப்புள்ளி எப்போது வந்தது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். சுடிதார் நாடா இறுகும் இடுப்பைச் சுற்றி, முந்தைய இரண்டு மாதங்களில், நூல் பிடித்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அதை அவளுடைய தாயார் பார்த்திருந்தார். நாடா அழுத்திய தடம் என்று நினைத்து விட்டுவிட்டார். உராய்வோ கீறலோ பட்ட இடமெல்லாம் அதே வடிவில் வெளுப்பதற்குக் கோப்னர் விளைவு என்று பெயர் என்பதும், நோய் முழு வேகத்தில் இருக்கிறது என்பதற்கு அது கண்கூடான சாட்சி என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

சிகிச்சை செய்த மூன்றாம் மாதம், கணுக்காலில் நிறம் ஏறவில்லை என்பதோடு முடியவில்லை. தோல் எடுத்த தொடையிலும் செவ்வக வடிவில், அளவுகோல் வைத்து வெட்டியதுபோல், ஒரு புதிய வெள்ளைப் பட்டை தோன்றிவிட்டது. ஒரு புள்ளியோடு போய் இரண்டு புள்ளியோடு திரும்பினோம். வரன் நின்றுபோனது வேறு கதை. அதற்கு நான் எவரையும் நோகவில்லை.

பின்னர் புதுச்சேரியில் நாங்கள் பார்த்த தோல் மருத்துவர் முதல் நாளே சொன்ன வாக்கியம், 'இப்போதைக்குச் செல் மாற்று இல்லை' என்பதுதான். இருட்டறையில் வூட்ஸ் விளக்கின் ஊதா ஒளியை உடம்பெங்கும் காட்டியபோது, பகல் வெளிச்சத்தில் எங்கள் கண்ணுக்குப் படாத புள்ளிகள்கூடச் சுண்ணாம்பு அடித்ததுபோல் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொரு புள்ளியின் மீதும் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, பேனாவால் விளிம்பை வரைந்து, தேதியிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே தாளை அதே இடத்தில் பொருத்திப் பார்ப்பார். கோட்டைத் தாண்டி வெள்ளை வந்திருந்தால் அன்று முதல் மறுபடியும் கணக்குத் தொடங்கும். குறைந்தது ஓராண்டு புதுப்புள்ளி வரக்கூடாது, இருக்கும் புள்ளி பெருகக்கூடாது, காயம் பட்ட இடம் வெளுக்கக்கூடாது என்பதே நிபந்தனை. நோயை அடக்க வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள்கள் மட்டும் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையைச் சில மாதங்கள் கொடுத்தார். நம் நாட்டு மருத்துவர்கள் வகுத்துத் தந்த முறை அது. அதோடு தைராய்டு பரிசோதனையும் செய்யச் சொன்னார், ஏனெனில் இந்நோய் உள்ளவர்களிடம் தைராய்டுக் கோளாறும் சேர்ந்து காணப்படுவது உண்டு.

வாரம் இருமுறை ஒளிச் சிகிச்சை. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறும்பட்டைப் புற ஊதாக் கதிர்க் குழல்கள் நான்கு பக்கமும் நிற்கும் ஒரு கூண்டுக்குள், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிந்து நிற்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. போகப் போகச் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிட வெளிச்சத்துக்காகத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் ஏறி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் என்று நெரிசலில் ஊர்ந்து, புதுச்சேரியில் இன்னொரு பேருந்து மாறிப் போய்த் திரும்ப அரை நாள் கழிந்துவிடும். கல்லூரி முடித்து ஒரு கணக்காளர் அலுவலகத்தில் சேர்ந்திருந்த மகளுக்கு, முதல் ஆண்டின் விடுப்பு முழுவதும் இந்தப் பேருந்துகளிலேயே கரைந்தது. பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. ஆனால் வரிசையில் எங்களோடு நின்ற முகங்கள் மாதத்துக்கு மாதம் குறைந்ததைப் பார்த்தேன்.

2018-ஆம் ஆண்டு தாளும் தோலும் ஓராண்டுக்கு மேல் ஒத்துப்போன பிறகே தேதி கொடுத்தார்கள். அதற்கும் முன்னதாக, புள்ளியின் நடுவில் ஊசித் துளையைவிடச் சற்றுப் பெரிய இரண்டு மூன்று தோல் துணுக்குகளை மட்டும் வைத்து, அவற்றைச் சுற்றி நிறம் பரவுகிறதா என்று சில மாதங்கள் சோதித்துக்கொண்டார்கள்.

சிகிச்சையை மகள் விழித்தபடியே பார்த்தாள். தொடையையும் கணுக்கால் பகுதியையும் மட்டுமே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். தொடையிலிருந்து சீவியெடுத்த தோல் வெங்காயத்தின் உள்சவ்வைப்போல் அத்தனை மெல்லியதாக இருந்ததாம். கண்ணாடித் தட்டிலிருந்த நீர்மத்தில் இட்டதும் சுருண்டு, பிறகு தானே விரிந்து மிதந்ததாம். அந்த நீர்மம் டிரிப்சின் என்னும் நொதி. உடம்பின் சூடான 37 பாகையில் முக்கால் மணி நேரம் போல வைத்திருந்தால், மேல்தோலைக் கீழ்த்தோலோடு பிணைக்கும் பிடிப்பு தளர்ந்துவிடும். பின்னர் இடுக்கியால் இரண்டையும் பிரித்து, கீழ்த்தோலை விலக்கிவிட்டு, மேல்தோலைச் சிறுசிறு துண்டுகளாக்கிக் குலுக்கி, மைய விலக்குப் பொறியில் சுழற்றினால் குழாயின் அடியில் செல்கள் வண்டலாகப் படியும். நிறமிச் செல்கள் அவற்றுள் சிறு பங்குதான். மற்றவை அவற்றுக்குத் துணை நின்று வளரச் செய்யும் மேல்தோல் செல்கள். அந்த வண்டலைச் சில துளி நீர்மத்தில் கலக்கியபோது அரிசி கழுவிய நீரைப்போல் இருந்தது என்று அவள் சொன்னாள். இதற்கிடையில், வெளுத்த இடத்தைச் சுழலும் வைரத்தூள் சக்கரத்தால் ஊசிமுனை அளவு ரத்தப் பொட்டுகள் அரும்பும் வரை தேய்த்திருந்தார்கள். அந்தப் பரப்பில் கலவையைச் சொட்டுச் சொட்டாகப் பரப்பி, கொலாஜன் படலத்தால் மூடி, கட்டுப் போட்டு, ஒரு மணி நேரம் காலை அசைக்காமல் படுக்கவைத்தார்கள். அன்று மாலையே வீடு திரும்பினோம். ஏழாம் நாள் கட்டுப் பிரித்தார்கள்.

தோலை அப்படியே ஒட்டும் பழைய முறைகளைவிட இதற்குள்ள சிறப்பு அளவில்தான் இருக்கிறது. எடுத்த தோலைப்போல் ஐந்து முதல் பத்து மடங்குப் பரப்பை இந்தக் கலவையால் மூட முடியும். ஒரு தீப்பெட்டியின் மேற்பக்க அளவு தோல், ஓர் உள்ளங்கை அகலப் புள்ளிக்குப் போதும். செல்களை ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கும் முறையும் உண்டு. அதற்குத் தனி ஆய்வகமும் பெருஞ்செலவும் வேண்டும். வளர்க்காமல் அன்றே பிரித்து அன்றே வைக்கும் முறையை 1992-ஆம் ஆண்டு வெளியிட்டவர்களுள் ஒருவர் பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த மருத்துவர் கோத்தியே. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற ஊரிலேயே என் மகளுக்கு அது பலித்தது தற்செயல்தான் என்றாலும், நினைத்தால் எனக்குச் சிறு மகிழ்ச்சி. ஸ்வீடனின் உப்சாலாவில் 1998-இல் அதைத் திருத்தி எளிதாக்கினார்கள். இந்திய மருத்துவர்கள் அதை இன்னும் எளிமையாக்கிப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்றிருக்கிறார்கள். நோயாளியின் தோல் செல்களைப் பிரித்துத் தெளிக்கும் ரீசெல் என்னும் கருவிக்கு 2023 ஜூனில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் வெண்புள்ளிக்காக அனுமதி அளித்தபோதும், நிலைபெற்ற புள்ளிகளுக்கு என்ற நிபந்தனையோடுதான் அளித்தது. அமெரிக்கா விதிக்கும் நிபந்தனையை நம்மூர்க் கால் பக்க விளம்பரம் தாண்டிக் குதிக்கிறது.

பலன் எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். கட்டுப் பிரித்தபோது அந்த இடம் வெளிர்சிவப்பாக இருந்தது; பார்த்ததும் என் மனைவிக்கு அழுகை. ஐந்தாம் வாரம் பழுப்புத் திட்டுகள் எட்டிப் பார்த்தன. ஆறு மாதத்தில் பெரும்பகுதி மூடியது. ஆனால் சுற்றுத் தோலைவிட ஒரு சாயல் கறுப்பாக இருந்து, இன்னும் ஓராண்டில்தான் ஒத்து வந்தது. கணுக்கால் எலும்பு புடைத்திருக்கும் இடத்தில், நடக்கும்போதெல்லாம் தோல் இழுபடுவதாலோ என்னவோ, நாலணா அளவு இன்னும் வெளுப்புத்தான். விரல் நுனிகளைத் தொடவே வேண்டாம் என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். மூட்டுகளிலும் விரல் நுனிகளிலும் செல்கள் எளிதில் பற்றுவதில்லை. முகத்திலோ உடம்பின் ஒரே பக்கத்திலோ பட்டையாக வந்து, ஓரிரு ஆண்டில் தானாக நின்றுவிடும் வகைக்குத்தான் இச்சிகிச்சை மிக நன்றாகப் பலிக்கிறது. என் மகளுக்கு வந்ததுபோல் இரு பக்கமும் பரவும் வகையில், நின்ற நோய் பின்னொரு நாள் விழித்துக்கொண்டால் வைத்த நிறமும் போகலாம். இவையனைத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே மருத்துவர் கத்தியைத் தொட்டார்.

இனித் தங்களிடம் என் முறையீடு. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம், குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் அட்டவணை ஒன்றைத் தருகிறது. இந்நோய் அதில் இருக்கிறது. சிகிச்சை பற்றிய வாசகம் அச்சட்டத்துக்குள் வருமா என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். அந்த விளம்பரத்தின் அடியிலேயே, நேரில் வர இயலாதவர்களுக்குத் தைலமும் மாத்திரையும் அஞ்சலில் அனுப்பப்படும், மூன்று மண்டலத்தில் குணம் உறுதி என்று இருந்ததே, அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. தைலம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கார்போகரிசி என்னும் மூலிகை விதையில் வெயிலோடு சேர்ந்து நிறமியைத் தூண்டும் பொருள் இருப்பது உண்மை. அதே வகைப் பொருளை வேறொரு செடியிலிருந்து எடுத்து 1940-களில் எகிப்திய மருத்துவர்கள் நவீன சிகிச்சையாக்கினார்கள். ஆனால் அளவறியாமல் பூசி உச்சி வெயிலில் நின்றால் கொப்புளம் கட்டும். நகரும் நோயில் கொப்புளம் கட்டிய இடமெல்லாம் புதுப்புள்ளி. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைக் கொட்டையின் எண்ணெய் அரிப்பதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஸ்டிக்கர் பொட்டின் பசையால் நெற்றி வெளுப்பதோ வேறு கணக்கு. அங்கே பசையிலுள்ள வேதிப்பொருளே நிறமிச் செல்லைக் கொல்கிறது, பொட்டை நிறுத்துவதுதான் அதற்கு முதல் மருந்து.

விளம்பரத்தில் இருந்த 'வெண்குஷ்டம்' என்ற சொல்லை நீக்கி, 'வெண்புள்ளிகள்' என்றே வழங்க வேண்டும் எனத் தமிழ்நாடு அரசே ஆணையிட்டுள்ளது. செய்திப் பக்கங்களில் தாங்கள் அதைக் கடைப்பிடிப்பதைக் கவனித்திருக்கிறேன். விளம்பரப் பக்கத்துக்கும் அதே ஆசிரியர் குழுதானே பொறுப்பு?

அரசிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. எங்கள் இரண்டாம் சிகிச்சைக்கான செலவைக் கேட்டு விண்ணப்பித்தபோது, இது அழகுக்கான சிகிச்சை என்று ஒரே வரியில் எங்கள் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. உடம்பே தன் செல்லை அழிக்கும் நோய்க்குச் செய்யும் சிகிச்சை எவ்வாறு அழகாகும் என்று எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. செல் மாற்றுக்கு வேண்டிய மைய விலக்குப் பொறியும் சூட்டுப் பெட்டியும் எந்த மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்துக்கும் புதியவை அல்ல. பயிற்சி பெற்ற தோல் மருத்துவரும், தோலைத் தேய்க்கும் சிறு கருவியும், டிரிப்சினும் சேர்ந்தால் மாவட்ட அளவிலேயே செய்யத்தக்க சிகிச்சை இது. இருப்பினும் நான் முதலில் கேட்பது அதை அன்று. காத்திருக்கும் அந்த ஓராண்டு ஈராண்டுக்கு உறுதுணையாக, வட்டத் தலைநகர்கள் தோறும் ஒளிச் சிகிச்சைக் கூண்டு ஒன்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புள்ளியை வரைந்து கோப்பில் வைக்கும் ஒருவரும் கிடைத்தால் போதும். பேருந்திலேயே விடுப்பைத் தீர்த்துவிட்டு நோயாளி பாதியில் நிற்கும் நிலை மாறும். நின்ற புள்ளியா நகரும் புள்ளியா என்பதற்குக் கையில் சான்று இருந்தால், துண்டறிக்கைக்காரரிடம் ஏமாறும் வாய்ப்பும் குறையும்.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் தோல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதைப் பற்றி விரிவாக எழுதச் செய்யவும், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எந்தெந்த அரசு மருத்துவமனைகளில் ஒளிச் சிகிச்சையும் செல் மாற்றும் கிடைக்கின்றன என்பதை விசாரித்து வெளியிடவும் வேண்டுகிறேன். ஜூன் 25 உலக வெண்புள்ளி நாள். அதற்குள் வந்தால் பொருத்தமாக இருக்கும். அந்த விளம்பரப் பக்கத்தையும், என் மகளின் கோப்பிலிருந்து முதல் மற்றும் கடைசி வரைபடத் தாள்களின் நகல்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். தாள்களில் தேதியைத் தவிர வேறு அடையாளம் எதுவும் இல்லை. கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மகளிடம் படித்துக் காட்டி, அந்த ஒரு நிபந்தனையோடுதான் அவளுடைய சம்மதம் பெற்றேன்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.